ஜெர்மனிக்கு ஒரு செமஸ்டர் போகிறீர்களா? மாணவர் டிக்கெட்டைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள்

எக்ஸ்சேஞ்சில் ஜெர்மனி போகிறவர்களுக்கு விசா, பிளாக்டு அக்கவுண்ட், ஹாஸ்டல் அறை பற்றியெல்லாம் சீனியர்கள் மணிக்கணக்கில் சொல்லிக்கொடுப்பார்கள். பஸ், ரயில் பயணத்துக்கான மாணவர் டிக்கெட்டைப் பற்றி மட்டும் யாரும் பெரிதாகப் பேசுவதில்லை, செமஸ்டர் கட்டணத்தோடு தானாக வந்துவிடுவதால் தனியாகச் சொல்ல ஒன்றுமில்லை என்று நினைத்துவிடுகிறார்கள் போலிருக்கிறது. 2025 கோடை செமஸ்டரை ஆகன் நகரத்தில், ஆர்.டபிள்யூ.டி.எச். பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு வந்திருக்கிறேன். அங்கே காசு கொடுத்ததில் எது உருப்படியானது என்று கேட்டால் யோசிக்காமல் இந்த டிக்கெட்டைத்தான் சொல்வேன். ஐந்துக்கு நாலரை கொடுக்கலாம். அந்த அரை எங்கே போனது என்பதையும் கீழே சொல்கிறேன்.

முழுப் பெயர் டாய்ச்லாண்ட் செமஸ்டர் டிக்கெட். உக்ரைன் போருக்குப் பிறகு எரிபொருள் விலை ஏறிய நேரத்தில், 2022 ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, மாதம் 9 யூரோவுக்கு நாடு முழுக்க பஸ்ஸிலும் உள்ளூர் ரயிலிலும் போகலாம் என்று ஜெர்மனியில் ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். கூட்டம் அலைமோதியது. அதன் தொடர்ச்சியாக 2023 மே மாதம் 49 யூரோவுக்கு டாய்ச்லாண்ட் டிக்கெட் வந்தது, 2025 ஜனவரியில் அது 58 யூரோ ஆனது. மாணவர்களுக்கு அந்த விலையில் 60 சதவீதம்தான், அதாவது 2025 கோடை செமஸ்டரில் மாதம் 34.80, ஆறு மாதத்துக்கு 208.80 யூரோவாக இருந்தது. எனக்கு வேண்டாம், நான் நடந்தே போய்க்கொள்கிறேன் என்று பொதுவாகச் சொல்ல முடியாது. எல்லா மாணவர்களும் சேர்ந்து கட்டுவதால்தான் விலை இந்த அளவுக்கு இறங்குகிறது, அதனால் அந்தக் கட்டாயத்தில் எனக்கு வருத்தமே இல்லை.

விசாவுக்காகப் பிளாக்டு அக்கவுண்டில் போட்டு வைக்கும் பணத்திலிருந்து மாதம் 992 யூரோதான் கைக்கு வரும். வாடகை, இன்ஷூரன்ஸ், சாப்பாடு போக மிஞ்சுவது கொஞ்சம்தான், ஒவ்வொரு யூரோவையும் ரூபாயில் பெருக்கிப் பார்க்கும் பழக்கமும் லேசில் போகாது. ஆகனிலிருந்து கொலோன் போய்வர சாதாரண டிக்கெட் எடுத்தால் அதுவே கிட்டத்தட்ட இந்த மாதக் கட்டணத்தைத் தொட்டுவிடும். இந்த டிக்கெட் மட்டும் இல்லையென்றால் நான் அறை, வகுப்பு, மென்சா என்ற மாணவர் உணவகம், மறுபடி அறை என்றே அந்த செமஸ்டரை ஓட்டியிருப்பேன். அப்படி இருந்துவிட்டுத் திரும்பிய சிலரை எனக்குத் தெரியும். பணம்தான் காரணம் என்று சொல்வார்கள், ஆனால் அவர்கள் கையிலும் இதே டிக்கெட்தான் இருந்தது. அதை நினைத்தால் மனசு கஷ்டமாக இருக்கிறது, இதை எழுத உட்கார்ந்ததும் அதனால்தான்.

நம்ம ஊர் சீசன் டிக்கெட் என்றால் தாம்பரம் முதல் பீச் வரை என்று இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவில்தான். இதில் அந்த எல்லை கிடையாது. ஆர்.ஈ., ஆர்.பி. என்று தொடங்கும் பிராந்திய ரயில்கள், எஸ்-பான் என்ற புறநகர் ரயில், மெட்ரோ, டிராம், டவுன் பஸ் எல்லாவற்றிலும் ஜெர்மனி முழுக்க இரண்டாம் வகுப்பில் இந்த டிக்கெட் செல்லும். ஐ.சி.இ., ஐ.சி., ஃபிளிக்ஸ்டிரெயின் போன்ற வேக ரயில்கள் சேராது. ஸ்டேஷன்களில் தானியங்கி கேட் எதுவும் இருக்காது, நேராகப் போய் ஏறிக்கொள்ளலாம், ஆனால் வண்டியில் பரிசோதகர் வருவார், செல்லுபடியாகும் டிக்கெட் இல்லையென்றால் 60 யூரோ அபராதம். ஃபோனில் டிக்கெட், பக்கத்தில் ஃபோட்டோ உள்ள அடையாள அட்டை, இரண்டும் எப்போதும் வேண்டும். ஸ்கிரீன்ஷாட்டை நம்ப வேண்டாம்.

தினசரிப் பயன் என்று பார்த்தால் பஸ்தான். ஆகன் பல்கலைக்கழகம் ஒரே வளாகத்தில் இல்லை. நகர நடுவில் கொஞ்சம், ஹோர்ன் பகுதியில் கொஞ்சம், மேலாட்டனில் கொஞ்சம் என்று சிதறிக் கிடக்கிறது, நடுவில் ஏற்றம் வேறு. காலை நேர பஸ்ஸில் நிற்கக்கூட இடம் இருக்காது, அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். எல்லையில் இருக்கும் வால்ஸ் ஊருக்குப் போய் அங்கிருந்து மேட்டில் நடந்தால் ஜெர்மனி, பெல்ஜியம், நெதர்லாந்து மூன்றும் சந்திக்கும் இடம் வரும். சாயங்காலம் வகுப்பு முடிந்து போய்வரக்கூடிய தூரம்தான்.

ஆனால் இந்த டிக்கெட்டின் அருமை தெரிவது ஊரைவிட்டு வெளியே போகும்போது. ஆர்.ஈ. 4 பிடித்து வுப்பர்டால் போனால் அங்கே 1901 முதல் ஓடும் தொங்கு ரயில் இருக்கிறது, தண்டவாளம் மேலே, பெட்டி கீழே தொங்கிக்கொண்டு 13 கிலோமீட்டருக்குப் போகும், அதில் பெரும்பகுதி வுப்பர் ஆற்றின் மேலேயே. மெக்கானிக்கல் படிக்கிற எனக்கு அதில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை போய்த் திரும்பியது ஒரு லேப் வகுப்பை விட அதிகம் கற்றுக்கொடுத்தது. தனி டிக்கெட் ஒன்றும் எடுக்கவில்லை, எல்லாம் இதிலேயே அடக்கம். ட்ரியர் போவதென்றால் கொலோனிலிருந்து ஐஃபல் மலை வழியாகப் போகும் பாதை 2021 ஜூலை வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போய் வருஷக்கணக்கில் சரி செய்துகொண்டிருந்தார்கள் என்பதால் கோப்ளென்ஸ் சுற்றிப் போனேன். அது நல்லதாகப் போயிற்று, மோசல் ஆற்றங்கரையும் திராட்சைத் தோட்டங்களும் கோஹம் கோட்டையும் ஜன்னல் வழியாக வந்துகொண்டே இருந்தன. ட்ரியரில் ரோமானியர் கட்டிய கறுப்பு வாசல் நிற்கிறது, கார்ல் மார்க்ஸ் 1818ல் பிறந்த வீடும் அங்கேதான், இப்போது மியூசியமாக இருக்கிறது.

அப்புறம் ஹம் என்ற ஊர். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். ஆகனில் ஆர்.ஈ. 1 ஏறினால் கொலோன், டூசல்டோர்ஃப், டூயிஸ்பர்க், எஸ்ஸன், டோர்ட்முண்ட் என்று ரூர் தொழில் பகுதியை முழுசாக ஊடுருவிக்கொண்டு போய் ஹம்மில் நிற்கும். கிட்டத்தட்ட மூன்று மணி நேரம், வண்டி மாறவே வேண்டாம். தினமும் பிளாட்பாரத்து பலகையில் பார்க்கிற அந்தப் பெயருள்ள ஊரில் ஒரு காமாட்சி அம்மன் கோவில் இருக்கிறது என்பது பல தமிழ் மாணவர்களுக்குத் தெரிவதில்லை. ஈழத்திலிருந்து அகதிகளாக வந்த தமிழர்கள் கட்டியது, 2002ல் கும்பாபிஷேகம் நடந்தது, ஐரோப்பாவின் பெரிய இந்துக் கோவில்களில் ஒன்று. ஹம் ஸ்டேஷனிலிருந்து, கோவில் இருக்கும் ஊன்ட்ராப் பகுதிக்குப் போகும் பஸ்ஸும் டிக்கெட்டிலேயே அடக்கம். சுற்றிலும் தொழிற்சாலைகள், லாரிகள், நடுவில் திடீரென்று ராஜகோபுரம். தேர்த் திருவிழா கோடையில், மே ஜூன் வாக்கில் வரும், கோடை செமஸ்டர் மாணவர்கள் தவறவிடவே கூடாது. ஆயிரக்கணக்கில் சனம், காவடி, நாதஸ்வரம், பட்டுப் புடவைகள், ஓரத்தில் நின்று எல்லாவற்றையும் பார்க்கும் ஜெர்மன் குடும்பங்கள். அன்னதான வரிசையில் ஒரு அம்மா, "தம்பி எவடம், தமிழ்நாடோ? தனியவோ வந்தனீங்கள்? வடிவாச் சாப்பிடுங்கோ" என்று தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தார். அந்த செமஸ்டரில் என்னை யாரோ உரிமையோடு அதட்டிச் சாப்பிடச் சொன்னது அங்கேதான். வகுப்புத் தோழர்கள் எல்லாரும் நல்லவர்கள்தான், ஆனால் இந்த அதட்டல் அவர்களுக்கு வராது.

திரும்பும் வழியில் டோர்ட்முண்டிலோ கொலோனிலோ இறங்கி ஈழத் தமிழர் கடைகளில் கறிவேப்பிலை, முருங்கைக்காய், சிவப்பரிசி மாவு வாங்கிக்கொள்ளலாம். எங்கே வேண்டுமானாலும் இறங்கி ஏறலாம் என்பதால் இதற்கெல்லாம் தனித் திட்டமே தேவையில்லை.

படிப்புக்கும் இது உதவியது என்றால் ஆச்சரியமாக இருக்கலாம். அங்கே என் பாடங்கள் பெரும்பாலும் கடைசி எழுத்துத் தேர்வை மட்டும் நம்பியிருந்தன, நம்ம கல்லூரி மாதிரி இன்டர்னல் மார்க், வருகைப் பதிவு எல்லாம் கிடையாது. யாரும் துரத்தாததால் நாமே உட்கார்ந்து படிக்க வேண்டும். நீண்ட ரயில் பயணத்தில் மேசை உள்ள இருக்கை கிடைத்துவிட்டால் லெக்சர் ஸ்லைடு முடிப்பதற்கு அதைவிட நல்ல இடம் எனக்கு அமையவில்லை. வகுப்புகள் ஜூலை நடுவிலேயே முடிந்துவிடும், தேர்வுகள் அதற்குப் பிறகு இடைவெளி விட்டு விட்டு நடக்கும், டிக்கெட் மட்டும் செப்டம்பர் 30 வரை செல்லும். தேர்வுகளுக்கு நடுவில் கிடைக்கும் அந்த நாட்கள்தான் ஊர் சுற்ற உகந்தவை.

சரி, குறைகள். முதல் குறை தாமதம். இதைப் பூசி மெழுக முடியாது. ஒரு ஞாயிறு இரவு நான் வந்த வண்டியை நடுவழியில் ஒரு சின்ன ஸ்டேஷனில் நிறுத்தி, இதற்கு மேல் போகாது என்று ஜெர்மனில் அறிவித்துவிட்டு விளக்கை அணைத்துவிட்டார்கள். என்ன சொன்னார்கள் என்பதையே பக்கத்தில் இருந்த ஒரு பாட்டியிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். மாற்று பஸ் வரும் வரை குளிரில் நின்றோம், வீடு சேரும்போது நள்ளிரவு தாண்டிவிட்டது, மறுநாள் காலை எட்டரைக்கு வகுப்பு. ஜெர்மன் ரயில்கள் கடிகாரம் மாதிரி ஓடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கடைசி வண்டிக்கு முந்தைய வண்டியைக் குறிவைத்துக் கிளம்புங்கள். ஆகன் இருக்கும் நார்த் ரைன் வெஸ்ட்ஃபாலியா மாநிலத்தில் பயண உத்தரவாதம் என்று ஒன்று உண்டு. நீங்கள் ஏறும் இடத்தில் வண்டி 20 நிமிடமோ அதற்கு மேலோ தாமதமாகி, வேறு வழியும் இல்லையென்றால் டாக்ஸியோ ஐ.சி.இ.யோ பிடித்துவிட்டு ஒரு வரம்பு வரை பணத்தைத் திரும்பக் கேட்கலாம். ரசீதை மட்டும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். இந்த விவரம் புதிதாக வரும் வெளிநாட்டு மாணவர்களுக்கு முதல் வாரமே சொல்லப்பட வேண்டும் என்பது என் கருத்து.

அடுத்தது நேரம். பெர்லினுக்கு இந்த டிக்கெட்டிலேயே போகலாம், ஹம், மின்டன், பிரவுன்ஷ்வைக், மக்டபுர்க் என்று மாறி மாறி, விடிகாலையில் கிளம்பினால் சாயங்காலம் போய்ச் சேரலாம். ஒரு இணைப்பு தவறினால் மொத்தக் கணக்கும் குலையும். அவ்வளவு தூரத்துக்கு முன்கூட்டியே மலிவான வேக ரயில் டிக்கெட் பார்ப்பதுதான் புத்திசாலித்தனம், இதை இரண்டு மூன்று மணி நேரப் பயணங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமைகளில் கால்பந்து ரசிகர்களால் பெட்டிகள் நிரம்பி வழியும், அன்று எந்த ஊரில் ஆட்டம் என்று பார்த்துவிட்டுக் கிளம்புவது நல்லது.

சார்ஜ் தீர்ந்தால் டிக்கெட்டும் இல்லை, அதனால் ஒரு பவர் பேங்க் பையில் இருக்கட்டும்.

2026 ஜனவரியில் பொது டிக்கெட் 63 யூரோ ஆகிவிட்டதால் மாணவர் பங்கும் அதற்கேற்ப ஏறும். இருந்தாலும் வாங்கத் தகுந்த விலைதான். போகிறவர்கள் கவனிக்க வேண்டியது இது: சேர்க்கை முடிந்து செமஸ்டர் கட்டணம் போய்ச் சேர்ந்த பிறகுதான் டிக்கெட் ஃபோனுக்கு வரும், செமஸ்டர் தொடங்கும் தேதிக்கு முன்னால் அது செல்லாது. மார்ச்சிலேயே போய் இறங்குகிறீர்கள் என்றால் அந்த நாட்களுக்குத் தனியாகப் பணம் ஒதுக்குங்கள், விமான நிலையத்திலிருந்து ஊருக்கு வரும் முதல் பயணத்துக்கும் சேர்த்து. கட்டணத்தை ஊரிலிருந்தே சீக்கிரம் அனுப்பிவிடுங்கள், பணம் போய்ச் சேர நாளாகும். திரும்பும் விமானத்தை செப்டம்பர் 30க்குள் வைத்துக்கொண்டால் பெட்டிகளோடு விமான நிலையம் போகும் கடைசி ரயிலுக்கும் காசு கொடுக்க வேண்டியதில்லை.