தாரா, ஜிம்னியா, இல்லை சாதாரண காரே போதுமா?

13 லட்சத்திலிருந்து 18 லட்சம் வரை கையில் வைத்துக்கொண்டு கார் பார்க்கக் கிளம்புகிறவர்களில் பலர் ஒரு கட்டத்தில் மஹிந்திரா தார் முன்னால் வந்து நின்றுவிடுகிறார்கள். அடுத்து மாருதி ஜிம்னியையும் ஓட்டிப் பார்க்கிறார்கள். வீட்டிலோ ஹூண்டாய் கிரெட்டா மாதிரி சாதாரண கார் ஒன்றை எடுக்கச் சொல்கிறார்கள். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டுக்கு ஒரே கார், அது ஓடப்போவது ஊருக்குள்ளும் நெடுஞ்சாலையிலும் என்றால் தார், ஜிம்னி போன்ற ஜீப் வகை வேண்டாம். தோட்டம், எஸ்டேட், மலைக்கிராமம் என்று அடிக்கடி கரடுமுரடான பாதையில் போயே ஆக வேண்டியவர்கள் யோசிக்காமல் வாங்கலாம்.

தார், ஜிம்னி இரண்டுமே லேடர் ஃப்ரேம் வண்டிகள். கனமான இரும்புச் சட்டத்தின் மேல் பாடியைத் தனியாக ஏற்றியிருப்பார்கள். ஒரு சக்கரம் பள்ளத்திலும் ஒரு சக்கரம் பாறை மேலும் நிற்கும்போது வரும் முறுக்கத்தை அந்தச் சட்டம் தாங்கும். அதே அமைப்புதான் நல்ல சாலையில் உடம்பைக் குலுக்குகிறது. கிரெட்டாவில் சட்டமும் பாடியும் ஒன்றே. தரையோடு ஒட்டி ஓடும். சென்னையிலிருந்து மதுரைக்கு ஒரே மூச்சாகப் போய் இறங்கினால் வித்தியாசத்தை இடுப்பு சொல்லும்.

ஜீப்பின் உயிர் கியர் லீவருக்குப் பக்கத்தில் இருக்கும் இரண்டாவது லீவர். அதை ஃபோர்-லோவுக்கு, அதாவது நாலு சக்கரமும் மெதுவாக, ஆனால் அதிக இழுவிசையோடு சுழலும் நிலைக்குத் தள்ளி முதல் கியரில் விட்டால், மழையில் ஊறிய செம்மண் இறக்கத்தில் பிரேக்கைத் தொடாமலே வண்டி நடைவேகத்தில் இறங்கும். எஞ்சினே பிடித்துக்கொள்ளும். அந்த இடத்தில் சாதாரண கார்க்காரர் பிரேக்கை மிதிப்பார், சக்கரம் பிடிப்பை இழக்கும், வண்டி சறுக்கும். வால்பாறை, ஏற்காடு பக்கம் உள்புறத் தோட்டங்களுக்குப் போய்வருகிறவர்களுக்கு இந்த ஒரு வசதிக்காகவே மொத்தப் பணமும் தகும்.

ஆனால் ஒன்று. இரண்டு வண்டியிலும் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவில் டிஃபரென்ஷியல் (வளைவில் சக்கரங்கள் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் பற்சக்கர அமைப்பு) கிடையாது. காய்ந்த, பிடிப்புள்ள சாலையில் ஃபோர் வீலைப் போட்டு வளைந்தால் முன்னும் பின்னும் ஒன்றையொன்று இழுக்கும், ஸ்டீயரிங் இறுகும், பற்சக்கரங்கள் வீணாகத் தேயும். ஆகவே நெடுஞ்சாலையில் 'பாதுகாப்புக்காக' நாலு சக்கரத்தையும் ஓட்டுகிறேன் என்ற பேச்சுக்கே இடமில்லை.

தார் வாங்குகிறவர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது, விலை குறைந்த தாரில் அந்த இரண்டாவது லீவரே இல்லை என்பதை. 2023 ஜனவரியில் 1.5 லிட்டர் டீசல் எஞ்சினோடு ஒரு வகையை 9.99 லட்சத்தில் கொண்டுவந்தார்கள். அது பின்சக்கரம் மட்டும் இழுக்கும் வண்டி. நான்கு மீட்டருக்குள் நீளம், 1500 சிசிக்குள் டீசல் என்பதால் வரி குறைவு. 2025 செப்டம்பர் வரி மாற்றத்துக்குப் பிறகு அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி. 2.2 லிட்டர் ஃபோர் வீல் தாருக்கும் ஜிம்னிக்கும் 40 சதவீதம். தோற்றத்துக்காக மட்டும் என்றால் சரி. தோட்டத்துக்குப் போகிறவர் அதை எடுத்தால், சேற்றில் மாட்டும்போது டிராக்டரைத்தான் கூப்பிட வேண்டியிருக்கும்.

தார் பக்கம் பலம் நிறைய. 2.2 டீசல் 130 குதிரைத்திறன், 226 மி.மீ. கிரவுண்ட் கிளியரன்ஸ் (தரைக்கும் வண்டியின் அடிப்பாகத்துக்கும் உள்ள இடைவெளி), 650 மி.மீ. வரை தண்ணீரில் இறங்கலாம் என்று கம்பெனியே சொல்கிறது. 2020-ல் குளோபல் என்கேப் மோதல் பாதுகாப்புச் சோதனையில் நான்கு நட்சத்திரம் வாங்கியது. குறை, பின்சீட். மூன்று கதவுத் தாரில் முன்சீட்டை மடக்கித்தான் பின்னால் ஏற வேண்டும். புடவை கட்டிய அம்மா ஒரு கையில் பையோடு அந்தச் சந்தில் காலைத் தூக்கி வைப்பதை ஷோரூமிலேயே ஒருமுறை செய்து பார்க்கச் சொல்லுங்கள். பின் ஜன்னலையும் இறக்க முடியாது. பின்சீட்டில் ஆள் இருந்தால் பெட்டி வைக்க இடம் தேட வேண்டும். பெட்ரோல் ஆட்டோமேட்டிக் எடுத்தால் நகர நெரிசலில் மைலேஜ் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கும்.

ஜிம்னியை நம் ஊரில் குறைத்து மதிப்பிட்டுவிட்டார்கள் என்பது என் எண்ணம். 2023 ஜூனில் 12.74 லட்சத்தில் வந்தபோது, இந்தக் காசுக்கு இவ்வளவு சின்ன வண்டியா என்று பலரும் ஒதுங்கினார்கள். மலையில் அந்தச் சின்ன உடம்புதான் வரம். எடை 1,200 கிலோ சுற்றி; தார் அதைவிட ஏறக்குறைய அரை டன் கூடுதல். அகலம் 1,645 மி.மீ., தாரைவிட ஒரு சாண் அளவுக்குக் குறைவு. எதிரே தேயிலை லோடு வரும்போது ஒதுங்க அந்த ஒரு சாண் போதும். எந்த வகை எடுத்தாலும் ஃபோர் வீலும் ஆறு ஏர்பேகும் உண்டு. ஒரு சக்கரம் அந்தரத்தில் சுழன்றால் அதற்கு மட்டும் தானாகவே பிரேக் போட்டு, பலத்தை மறுசக்கரத்துக்குத் தள்ளிவிடும். குறை என்றால் எஞ்சின்தான். 105 குதிரைத்திறன் நெடுஞ்சாலையில் லாரியை ஓவர்டேக் செய்யும்போது மூச்சு வாங்கும். நான்கு பேர்தான் உட்காரலாம்.

ஃபோர்ஸ் கூர்க்கா இவை இரண்டையும்விட முரட்டு வண்டி. இடது, வலது சக்கரங்கள் சேர்ந்தே சுழலும்படி முன், பின் இரண்டு அச்சையும் கையாலேயே பூட்டலாம், எஞ்சினுக்கு மேலிருந்து காற்று இழுக்கும் ஸ்நார்க்கல் குழாயும் கம்பெனியிலேயே பொருத்தி வரும். தினசரி ஆபீசுக்கு அதை ஓட்டுவது உடம்புக்கு வேலை. 2024-ல் வந்த ஐந்து கதவு தார் ராக்ஸ் குடும்பத்தோடு ஒத்துப்போகும், பாரத் என்கேப்பில் ஐந்து நட்சத்திரமும் வாங்கியது. ஆனால் அதிலும் ஃபோர் வீல் வேண்டுமென்றால் டீசல்தான், விலையும் மேலே போய்விடும்.

2023 டிசம்பர் மழைக்குப் பிறகு சென்னையிலும் தூத்துக்குடியிலும் 'வெள்ளத்துக்காவது ஜீப் வேண்டும்' என்ற பேச்சு கூடியிருக்கிறது. 650 மி.மீ. என்பது தேங்கிய தண்ணீரில் மெதுவாகப் போவதற்கான கணக்கு. ஓடுகிற தண்ணீர் அதைவிடக் குறைந்த ஆழத்திலேயே வண்டியைத் தள்ளும். திறந்து கிடக்கும் பாதாளச் சாக்கடை மூடி எந்த வண்டிக்கும் தெரியாது. வெள்ளத்தைக் காட்டி ஜீப் வாங்காதீர்கள்.

வாங்கியதும் முன்பம்பரில் புல் பார் என்ற இரும்புத் தடுப்பை மாட்டுவது, பெரிய டயர் போடுவது எல்லாம் இருக்கிறதே, அதுவும் வேண்டாம். புல் பாரை 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு தடுத்துவிட்டது. மோதலில் ஏர்பேக் சரியான நேரத்தில் விரிவதை அது குழப்பும். நடந்து போகிறவர் மேல் பட்டால் காயமும் கடுமையாகும்.

இன்னொரு வழியும் இருக்கிறது, அதை யாரும் ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை. கொழுக்குமலைக்குச் சூரியநெல்லியிலிருந்து உள்ளூர் ஜீப்புகள்தான் ஏறுகின்றன. நீங்கள் தார் வைத்திருந்தாலும் அதைக் கீழே விட்டுவிட்டு அந்த ஜீப்பில்தான் போகப் போகிறீர்கள். காப்புக்காட்டுக்குள்ளே அனுமதி இல்லாமல் வண்டியை விட்டால் வழக்கு. வருஷத்துக்கு இரண்டு மூன்று முறை மலை ஏறுகிறவருக்கு நல்ல சாதாரண காரும் வாடகை ஜீப்புமே லாபம். அந்த டிரைவர் தினமும் அந்தப் பாதையில் ஓட்டுகிறவர், வளைவு வளைவாகத் தெரியும்.

இவ்வளவுக்கும் பிறகு ஜீப்தான் என்று முடிவெடுத்தவர்கள் பழைய வண்டி பார்த்தால், முதலில் குனிந்து அடிவயிற்றைப் பாருங்கள். டிஃபரென்ஷியல் கூட்டில் ஆழமான அடி, எண்ணெய்க் கசிவு, சட்டத்தில் வெல்டிங் தழும்பு இருந்தால் விட்டுவிடுங்கள். அப்புறம் ஒரு மண் தரைக்கு ஓட்டிப்போய் ஃபோர்-லோ போடச் சொல்லுங்கள். வருஷக்கணக்காகத் தொடாத லீவர் சில வண்டிகளில் விழவே விழாது.