டாக்ரானா, டைனீமாவா: ஆறு வருடம் நாண் மாற்றி மாற்றி எய்த பிறகு

என்னிடம் இரண்டு ரிகர்வ் வில் (நுனிகள் முன்பக்கமாக வளைந்தவை) இருக்கின்றன. ஒன்று 62 அங்குலம், இழுவிசை 40 பவுண்டு, லிம்பை, அதாவது வில்லின் வளையும் கைகளை, கழற்றி மாட்டும் வகை, அண்மைக்காலத் தயாரிப்பு. இன்னொன்று ஒரே துண்டாகச் செய்த பழைய மரவில், 35 பவுண்டு, வேறொருவர் பயன்படுத்தியதை வாங்கினேன். ஆறு வருடமாக இரண்டிலும் வெவ்வேறு நாண் போட்டு எய்து வருகிறேன், கடைசி நான்கு வருடமாக நாணை நானே முறுக்கிக்கொள்கிறேன். எந்த நாண் நல்லது என்று யாராவது கேட்டால் நான் திருப்பிக் கேட்பது, உங்கள் வில்லின் நுனி எப்படி இருக்கிறது என்றுதான். வேகம், சத்தம் எல்லாம் அப்புறம்.

அம்பு கிளம்பிய நொடியில் நாண் விறைத்து நிற்கிறது, வில்லில் மிச்சமிருக்கும் வேகம் முழுவதும் அங்கேதான் அடங்க வேண்டும். டாக்ரான் என்பது பாலியஸ்டர் நூல். அது கொஞ்சம் நீண்டு கொடுத்து அந்த அதிர்ச்சியைத் தானே வாங்கிக்கொள்ளும். டைனீமா, ஸ்பெக்ட்ரா என்ற பெயர்களில் வரும் பாலியெத்திலீன் இழை (வில் எய்பவர்கள் பெரும்பாலும் எல்லாவற்றையும் ஃபாஸ்ட் ஃபிளைட் என்றே சொல்லிவிடுகிறார்கள்) அப்படி நீளாது, அதனால் அதிர்ச்சி நேராக லிம்ப் நுனிக்குப் போகிறது. இழை மிக வலுவானது என்பதால் சில இழைகளே போதும் என்று மெல்லிதாகக் கட்டிவிட்டால் இன்னும் ஆபத்து, கண்ணி (நாணின் முனையில் உள்ள வளையம்) மெலிந்து வில் நுனியில் உள்ள பள்ளத்தை அறுக்கத் தொடங்கும்.

என் பழைய வில் அப்படி ஒரு மெல்லிய பாலியெத்திலீன் நாணோடுதான் வந்தது. எந்த நாணும் போடலாம் என்று விற்றவர் சொன்னார், நானும் நம்பி மூன்று மாதம் எய்தேன். ஒரு நாள் துடைக்கும்போது கீழ் லிம்பில், நாண் உட்காரும் பள்ளத்தின் ஓரத்தில், மயிரிழை அளவுக்கு மர அடுக்குகளை ஒட்டிய பசை விட்டிருப்பது விரலில் தட்டுப்பட்டது. அன்றைக்கே நாணைக் கழற்றிவிட்டு 14 இழை பி-55 டாக்ரானுக்கு மாறினேன். ஐந்து வருடம் ஆகிறது, அந்தக் கீறல் வளரவில்லை. புதிய வில்களில் நுனிமேல் பீனாலிக், கண்ணாடியிழை, கொம்பு என்று ஏதாவது கடினமான பொருளை அடுக்கி ஒட்டியிருப்பார்கள். அது இருந்து, செய்தவரும் இந்த நாண் போடலாம் என்று தெளிவாகச் சொல்லியிருந்தால் மட்டும் போடுங்கள். இல்லையென்றால் டாக்ரான்தான், இதில் நான் பிடிவாதமாகவே இருப்பேன்.

டாக்ரானோடு வாழ்வது சுலபம். விடும்போது கைக்கு இதமாக இருக்கும், நாணொலி அடங்கியே கேட்கும். புதிதில் மட்டும் பொறுமை வேண்டும். முதல் நூறு, நூற்றைம்பது அம்புகளுக்கு நாண் நீண்டுகொண்டே இருக்கும், பிரேஸ் ஹைட் (நாணேற்றிய வில்லின் கைப்பிடிக்கும் நாணுக்கும் இடையே உள்ள தூரம்) இறங்கிக்கொண்டே வரும், முறுக்கு ஏற்றி ஏற்றிப் பழைய அளவுக்குக் கொண்டுவர வேண்டும். அதனால் கட்டும்போதே அரை அங்குலம் குறைத்துக் கட்டிவிடுகிறேன். படிந்துவிட்டால் அப்புறம் தொந்தரவு இல்லை.

புதிய வில்லில் பாலியெத்திலீன் நாணுக்கு மாறியபோது அம்பின் வேகம் வினாடிக்கு ஐந்தாறு அடி கூடியது. எனக்குப் பெரிதாகப் பட்டது அந்த வேகம் இல்லை, 20 மீட்டரில் அம்பெல்லாம் அரைச் சாண் வலப்பக்கம் போய் விழுந்ததுதான். நான் வலக்கைக்காரன். விரலை விடும் விதத்தில் பிழை என்று நினைத்து மூன்று வாரம் அதையே சரிசெய்துகொண்டிருந்தேன். கடைசியில் இறகில்லாத அம்பை எய்து பார்த்தேன், அது இன்னும் வலப்பக்கம் போனது. நாண் அம்பைக் கூடுதல் விசையோடு தள்ளுவதால் அதே அம்பு இப்போது அதிகமாக வளைகிறது, அதாவது இந்த நாணுக்கு அதன் விறைப்பு போதவில்லை. 125 கிரெயின் (எடை அளவு) முனையைக் கழற்றி இலேசான 100 கிரெயின் போட்டதும் வளைவு குறைந்து, அம்புக் கூட்டம் நடுவுக்கு வந்தது. நாண் வகையை மாற்றினால் அம்பையும் மறுபடி பொருத்திப் பார்க்க வேண்டும், இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. ஒலியும் மாறும், கொஞ்சம் வெடுக்கென்று கேட்கும். பிரேஸ் ஹைட்டைக் கால் அங்குலம் ஏற்றி, நாணில் கம்பளிக் குஞ்சம் இரண்டு கட்டினேன், அடங்கிவிட்டது.

வெப்பத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். பாலியஸ்டர் உருக 250 டிகிரி செல்சியஸுக்கு மேல் வேண்டும், பாலியெத்திலீன் இழை 150 டிகிரியை ஒட்டியே உருகிவிடும். அவ்வளவு சூடு நம் கையில் வராது என்றாலும், இழுவையில் இருக்கும்போது அதைவிட எவ்வளவோ குறைந்த சூட்டிலேயே மெல்ல நீளும், நீண்டது திரும்பாது. நாணேற்றிய வில்லை மூடிய காரில் ஒரு நண்பகல் விட்டுவிட்டேன், எடுத்தபோது பிரேஸ் ஹைட் கால் அங்குலத்துக்கு மேல் இறங்கியிருந்தது. லிம்பின் பசைக்கும் அது கெடுதல். இப்படி நீள்வதைத் தடுக்க வெக்ட்ரான் (எளிதில் நீளாத வேறொரு இழை) கலந்த இழைகளும் வருகின்றன, இந்த வகை வில்லுக்கு எனக்கு அது தேவைப்படவில்லை.

இப்போது புதிய வில்லில் இருப்பது உடலில் 12 இழை, கண்ணிகளில் மட்டும் கூடுதல் இழை சேர்த்து 18. நுனி அகலமான கண்ணியில் உட்காருகிறது. உடல் மெலிந்ததால் அம்பின் நாக் (நாணைக் கவ்வும் பின்முனைப் பள்ளம்) தொளதொளத்தது, செர்விங் நூலை, அதாவது நாணின் நடுவில் சுற்றும் காப்பு நூலை, கொஞ்சம் தடிப்பாகச் சுற்றிச் சரிசெய்தேன். அம்பை நாணில் தொங்கவிட்டால் நிற்க வேண்டும், நாணை விரலால் ஒரு தட்டு தட்டினால் விழ வேண்டும், அந்த அளவு.

இருபுரியாக முறுக்குவதா, முடிவில்லா வளையமாகக் கட்டுவதா என்பதில் எனக்குப் பெரிய கருத்து இல்லை. முறுக்கினால் நீளத்தைக் கூட்டிக் குறைக்க எளிது, அதனால் அதையே செய்கிறேன். தேன்மெழுகை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தேய்த்து, சூடு ஏறும்வரை விரலால் உருவிவிடுவேன்.

இந்த நாணுக்குப் பதினான்கு மாதம் ஆகிறது. கீழ்க் கண்ணியில் பிசிறு எழ ஆரம்பித்திருக்கிறது, அறுந்த இழை இன்னும் இல்லை. அடுத்ததை முறுக்கி, நூறு அம்பு எய்து படியவைத்து, வில் பையில் போட்டு வைத்திருக்கிறேன். இரண்டு புரிக்கும் வெவ்வேறு நிறம் எடுத்தேன், முறுக்கு எண்ண வசதியாக இருக்கிறது.