தசமபாகம் பத்தி நாலு வார பைபிள் ஸ்டடி, முடிச்சிட்டு வந்து எழுதுறேன்

தசமபாகம்னாலே, அதாவது வருமானத்துல பத்துல ஒரு பங்கை தேவனுக்கு கொடுக்கிறதுன்னாலே, எனக்கு அதைக் கொடுக்காதவங்க தேவனை வஞ்சிக்கிறாங்கன்னு சொல்ற மல்கியா 3-ம் அதிகாரம் மட்டும்தான் தெரியும், சின்ன வயசுலேர்ந்து கேட்ட பிரசங்கம் எல்லாம் அதுலயே ஆரம்பிச்சு அதுலயே முடியும். வேலை போன சமயத்துல காணிக்கை கவர்ல வைக்க ஒண்ணுமில்லாம, நான் தேவனை வஞ்சிக்கிறேனோன்னு பயந்து ரெண்டு மாசம் ஆராதனைக்கே போகாம இருந்தேன். அந்த பயத்தோடதான் இந்த கிளாஸ்ல போய் உக்காந்தேன்.

முதல் வாரமே உபாகமம் 14-ஐ எங்களையே சத்தமா வாசிக்க வச்சாங்க. தசமபாகத்தை குடும்பமா கர்த்தர் சந்நிதியில சாப்பிட்டு சந்தோஷப்படணும், மூணாவது வருஷ முடிவுல வர்றது ஊர்ல இருக்கிற லேவியனுக்கும் (கர்த்தரோட ஊழியத்துக்குன்னு பிரிச்ச லேவி கோத்திரத்தான்) பரதேசிக்கும் (வேற தேசத்துலேர்ந்து வந்து தங்கினவன்) திக்கற்றவனுக்கும் விதவைக்கும் போகணும்னு தெளிவா போட்டிருக்கு. இத்தனை வருஷமா இது என் கண்ணுல படவே இல்ல! லேவியருக்கு நிலத்துல பங்கு கிடையாது, அதனாலதான் அவங்களுக்கு தசமபாகம், அவங்களும் வாங்கினதுல பத்துல ஒண்ணு கொடுக்கணும்னு எண்ணாகமம் 18-ஐ விளக்கினது ரொம்ப அருமை.

ரெண்டாவது வாரம் மத்தேயு 23:23, வெந்தயத்துலயும் சீரகத்துலயும் கணக்கா தசமபாகம் கொடுத்துட்டு நீதியையும் இரக்கத்தையும் விட்டவங்க பத்தி. அப்போ ஒரு வயசான அம்மா எழுந்து, "மருந்து வாங்கினா கையில எதுவும் மிஞ்சல ஐயா, நான் என்ன பண்ணட்டும்?"னு கேட்டாங்க. கிளாஸ் எடுத்த ஐயா உடனே பதில் சொல்லல, 2 கொரிந்தியர் 9:7-ஐ அவங்களையே வாசிக்க சொன்னார். "விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல", அதாவது வருத்தத்தோடயோ கட்டாயத்துலயோ கொடுக்க வேண்டாம்ங்கிற இடத்துல அந்தம்மா நிறுத்திட்டாங்க, திரும்ப ஒரு தடவை அதையே மெதுவா வாசிச்சாங்க. எனக்கு அழுகையே வந்துடுச்சு.

மூணாவது வாரம் கொர்பான் (தேவனுக்குன்னு ஒதுக்கின காணிக்கை) பத்தி, மாற்கு 7. காணிக்கைன்னு சொல்லி அப்பா அம்மாவை கவனிக்காம விடுறதை இயேசு கண்டிச்ச பகுதி. நல்லாதான் இருந்துச்சு, கொஞ்சம் இழுத்துட்டாங்க.

குறைன்னா கடைசி வாரம்தான். காணிக்கை பணத்துல யாரும் குத்தம் சொல்லக்கூடாதுன்னு பவுல் எவ்வளவு ஜாக்கிரதையா இருந்தார்னு 2 கொரிந்தியர் 8:20, 21-ல இருக்கு, அதை அஞ்சே நிமிஷத்துல முடிச்சிட்டாங்க. சபை கணக்கை விசுவாசிங்க எப்படி கேக்கணும், எப்படி காட்டணும்னு பேசவே இல்ல, எனக்கு அதுதான் முக்கியமா வேணும். கடன்ல இருக்கிறவங்க முதல்ல கடனை அடைக்கணுமா காணிக்கை வைக்கணுமாங்கிற கேள்வியும் அப்படியே நின்னுபோச்சு.

பயத்துல கொடுத்துட்டு இருக்கிறவங்க கண்டிப்பா போங்க, நோட்டும் பைபிளும் எடுத்துட்டு போங்க. அடுத்த தடவை கணக்குக்கும் கடனுக்கும் ஒரு முழு வாரம் ஒதுக்குங்கன்னு நான் எழுதி கொடுத்திருக்கேன்.