வீட்டிலும் வெளியிலும் ஒரு கையடக்க புளூடூத் ஸ்பீக்கர்: சில ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

உருளை வடிவமும், அரை கிலோவுக்குச் சற்றுக் கூடுதலான எடையும், துணி போர்த்திய உடலும், இரு முனைகளிலும் பாட்டுக்கேற்ப அதிரும் ரப்பர் வட்டுகளும் கொண்ட புளூடூத் ஸ்பீக்கர்களை இன்று பல நிறுவனங்கள் ஏறத்தாழ ஒரே மாதிரியாகச் செய்து விற்கின்றன. நான் சில ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருவது அவற்றில் ஒன்று. பெட்டியில் கண்ட விவரப்படி அதன் திறன் 30 வாட், மின்கலம் தாங்கும் நேரம் 12 மணி, நீர் மற்றும் தூசித் தடைக்கான குறியீடு ஐபி67. அதற்கு அடுத்த தலைமுறை மாடல் வந்து, என்னுடையது கடைகளில் கிடைக்காமல் போய்விட்டதால், பெயரை விட்டுவிட்டு இந்த அளவுள்ள எந்த ஸ்பீக்கருக்கும் பொருந்தக்கூடியவற்றையே எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: இது வெளியே எடுத்துச் செல்ல முடிந்த ஒரு வீட்டு ஸ்பீக்கரே தவிர, வெளிப்புறத்துக்கென்று செய்த ஸ்பீக்கர் அன்று. விளம்பரப் படங்களில் கடற்கரையில் ஒரு கூட்டமே இதைச் சுற்றி ஆடுவது வேறு விஷயம்.

பெட்டியின் மேல் அருகருகே அச்சிட்டிருக்கும் 30 வாட், 12 மணி என்ற இரண்டு எண்களையே முதலில் எடுத்துக்கொள்வோம். மின்கலத்தின் கொள்ளளவு 4800 மில்லி ஆம்பியர்-மணி என்று போட்டிருக்கிறது, அதை 3.6 வோல்ட்டால் பெருக்கினால் ஏறத்தாழ 17 வாட்-மணி கிடைக்கும். இந்த இருப்பை வைத்துக்கொண்டு 12 மணி நேரம் பாட வேண்டுமானால், சராசரியாக ஒன்றரை வாட்டுக்கும் குறைவாகத்தான் செலவழிக்க முடியும். மாறாக, 30 வாட்டைத் தொடர்ந்து இழுத்தால் அரைமணி நேரத்துக்குச் சற்று மேல் மின்கலம் தீர்ந்துவிடும். ஆகவே இரண்டு எண்களும் ஒரே வேளையில் உண்மையாக இருக்க வழியில்லை. இதில் ஏமாற்று எதுவும் இல்லை. இசையில் உச்சங்கள் கணநேரமே வந்து போகின்றன என்பதாலும், ஓர் அறையில் வசதியாகக் கேட்க ஓரிரு வாட்டே போதும் என்பதாலும் கணக்கு ஒத்துப்போகிறது. ஆனால் ஒலி இரு மடங்கு உரக்கக் கேட்பதாகக் காதுக்குத் தோன்ற வேண்டுமானால் சுமார் 10 டெசிபல் கூட வேண்டும். அதற்குப் பத்து மடங்கு மின்திறன் தேவை. பாதி ஒலியளவில் விளம்பரத்தில் சொன்ன நேரத்தை நெருங்கிய என் ஸ்பீக்கர், முழு ஒலியளவில் மூன்று நான்கு மணி நேரத்தில் சிவப்பு விளக்கைக் காட்டுவதற்குக் காரணம் இதுதான்.

வீட்டைப் பொறுத்தவரை இதன் பெரும்பகுதி வாழ்க்கை சமையலறை அலமாரியிலும் கூடத்து மேசையிலும் கழிந்திருக்கிறது. எங்கே வைக்கிறோம் என்பது, எவ்வளவு விலை கொடுத்தோம் என்பதற்கு இணையான வேறுபாட்டை உண்டாக்குகிறது என்பதை வாங்கிய சில நாட்களிலேயே உணர்ந்தேன். கீழ்ச்சுரங்கள் எல்லாத் திசைகளிலும் பரவுகின்றன. சுவரை ஒட்டி வைத்தால் பின்னால் போகும் பகுதி திரும்பி வந்து முன்னால் வருவதோடு சேர்ந்துகொள்ளும். அறையின் மூலையில், தரையை ஒட்டி வைத்தால் அந்தச் சேர்க்கை இன்னும் கூடி, கைப்பிடிக்குள் அடங்கும் ஒரு பொருளிலிருந்தா இவ்வளவு கனமான ஒலி என்று வந்தவர்கள் கேட்கும் அளவுக்குப் போகும். ஆனால் மூலையில் ஆண் குரல்கள் குடத்துக்குள் பேசுவது போல ஆகிவிடுவதால், செய்திக்கும் உரைகளுக்கும் மேசையின் நடுவும், பாட்டுக்குச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிய இடமும் என்று வழக்கப்படுத்திக்கொண்டேன்.

முனைகளில் அதிரும் ரப்பர் வட்டுகளைப் பலர் ஸ்பீக்கர்கள் என்றே நினைக்கிறார்கள். அவற்றுக்கு மின்சாரம் எதுவும் போவதில்லை. உள்ளே இருக்கும் உண்மையான ஸ்பீக்கர் முன்னும் பின்னும் அசையும்போது, மூடிய உடலுக்குள் அடைபட்ட காற்று அழுந்தி விரிந்து அந்த வட்டுகளை அசைக்கிறது. அவற்றின் எடையைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால் இவ்வளவு சிறிய பெட்டியால் எட்ட முடியாத கீழ்ச்சுரங்களை அவை எழுப்பித் தருகின்றன. அதனால்தான் ஸ்பீக்கரை முனையில் நிறுத்தி வைக்கக் கூடாது என்று சொல்வேன். நிறுத்தினால் அடியில் உள்ள வட்டு தன் போக்கில் அசைய இடமில்லாமல் தடுமாறும். சில மாடல்களில் மட்டும் அதற்காக ஓரத்தை உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள்.

ஒலியின் தரத்துக்கு வருகிறேன். நான் பெரும்பாலும் கேட்பது கர்நாடக இசை, எண்பதுகளின் திரைப்பாடல்கள், வானொலிப் பேச்சு ஆகியவை. இந்த வகை ஸ்பீக்கர்கள் ஏறத்தாழ 60 ஹெர்ட்ஸ் வரை கீழே இறங்கும். ஒரு கட்டைச் சுருதியில் பாடும் ஆண் பாடகரின் மத்திய ஸ்தாயி ஷட்ஜம் 131 ஹெர்ட்ஸ் அளவிலும், மந்திர பஞ்சமம் 98 ஹெர்ட்ஸ் அளவிலும் இருப்பதால் குரல் முழுமையாகவே கிடைக்கிறது. தம்புராவின் மந்திர ஷட்ஜத் தந்தி அதே சுருதியில் 65 ஹெர்ட்ஸ், அதாவது இந்த ஸ்பீக்கரின் எல்லையில் நிற்கிறது. அடிச்சுரம் மெலிந்தாலும், குதிரையின் மேல் செருகும் நூலால் பிறக்கும் மேற்சுரங்களின் ரீங்காரத்திலிருந்து காது அடிச்சுரத்தைத் தானே ஊகித்துக்கொள்வதால் குறை தெரிவதில்லை. மிருதங்கத்தின் வலப்பக்கமான வலந்தலையின் சொற்கள் தெளிவாகத் தனித்து விழுகின்றன. இடப்பக்கமான தொப்பியில் எழும் ஆழ்ந்த கும்கி ஒலியோ பாதி ஒலியளவு வரை வயிற்றில் இறங்கும்படி கேட்டுவிட்டு, அதற்கு மேல் கூட்டக் கூட்டப் பின்வாங்கிவிடுகிறது.

இந்தப் பின்வாங்கல் பழுது அன்று. ஒரு சுரத்தை அதே உரப்பில் ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கச் செய்ய ஸ்பீக்கரின் கூம்பு நான்கு மடங்கு தொலைவு அசைய வேண்டும். சிறிய கூம்புக்கு அவ்வளவு அசைய இடமில்லாததால், ஒலியளவு ஓர் எல்லையைத் தாண்டியதும் உள்ளே இருக்கும் சிப் கீழ்ச்சுரங்களை மட்டும் குறைத்து, கூம்பு முட்டிக்கொள்ளாமல் காக்கிறது. எனவே முழு ஒலியளவில் கூடுவதெல்லாம் நடுச்சுரங்களும் மேற்சுரங்களும்தான். எண்பதுகளின் பாடல்களில் அடியில் தனி உரையாடலாக ஓடும் பேஸ் கிட்டார் கேட்காமல் போய், தாளக்கருவிகளின் சலங்கைச் சத்தமும் வயலின் கூட்டமும் முன்னால் வந்து நிற்கும். முக்கால் பங்குக்கு மேல் நான் இதைக் கூட்டுவது அரிது. கடையில் வாங்கப் போகிறவர்கள் விற்பனையாளர் முழுச் சத்தத்தில் வைத்துக் காட்டுவதைக் கேட்டு மயங்காமல், பாதி அளவில், தங்களுக்குப் பழகிய ஒரு பாட்டைப் போட்டுக் கேட்பது நல்லது.

இரண்டு சேனல்களில் வரும் இசையை இது ஒன்றாகக் கலந்தே ஒலிக்கிறது. இடதும் வலதுமாக இரண்டு ஸ்பீக்கர்களை ஒரு சாண் நீளத்துக்குள் அடைத்து ஸ்டீரியோ என்று விற்கும் மாடல்களிலும் பத்தடி தள்ளி உட்கார்ந்தால் வேறுபாடு தெரியாது என்பதால், இதை ஒரு குறையாக நான் எண்ணவில்லை. அதே மாடலில் இன்னொன்றை வாங்கி இணைத்து ஸ்டீரியோவாக்கலாம். ஆனால் அந்த இணைப்பு முறையை நிறுவனங்கள் தலைமுறைக்குத் தலைமுறை மாற்றிவிடுவதால், இரண்டாவது தேவைப்படும் என்று தோன்றினால் இரண்டையும் ஒன்றாகவே வாங்கிவிட வேண்டும். புளூடூத் வழியே அனுப்ப ஒலியைச் சுருக்கும் முறையான கோடெக் பற்றிய விவாதங்களில் எனக்கு ஆர்வம் குறைந்துவிட்டது. எஸ்பிசி, ஏஏசி, எல்டாக் ஆகியவற்றுக்கு இடையிலான நுண்ணிய வேறுபாட்டை வெளிக்காட்டும் அளவுக்கு இந்தக் கூம்பு பெரியதன்று.

தாமதம்தான் உண்மையாகக் கவனிக்க வேண்டியது. புளூடூத் வழியே ஒலி வந்து சேர ஏறத்தாழ கால் நொடி வரை ஆகலாம். யூடியூப் போன்ற செயலிகள் படத்தையும் அதே அளவு தாமதப்படுத்திச் சரிக்கட்டிவிடுவதால் வாயசைவு ஒத்துப்போகிறது. கைபேசி விளையாட்டுகளிலும், பிள்ளைகள் கீபோர்டு செயலியில் வாசித்துப் பழகும்போதும் அப்படிச் சரிக்கட்ட முடியாது. விரல் ஒரு தாளத்திலும் ஒலி இன்னொரு தாளத்திலுமாகப் போகும். முந்தைய தலைமுறைகளில் இருந்த 3.5 மில்லிமீட்டர் ஆக்ஸ் துளை இருந்திருந்தால் ஒரு கம்பியில் முடிந்திருக்கும் வேலை இது. நீர்த்தடைக்காகத் துளைகளைக் குறைத்தோம் என்கிறார்கள். ஆக்ஸ் துளையோடும் நீர்த்தடை பெற்ற ஸ்பீக்கர்கள் விற்பனைக்கு வந்திருப்பதால் அந்த விளக்கத்தை நான் முழுமையாக ஏற்கவில்லை. பாட்டு வகுப்புக்கான தம்புராச் செயலிக்கு மட்டும் தாமதம் எந்தத் தொந்தரவும் செய்வதில்லை.

மற்றபடி இணைப்பு நம்பகமானது. மைக்ரோவேவ் அடுப்பும் பெரும்பாலான வைஃபை ரவுட்டர்களும் புளூடூத் பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையிலேயே இயங்குவதால், அடுப்பு ஓடும்போது அதன் பக்கத்தில் வைத்திருந்தால் பாட்டு விட்டுவிட்டு வரும். ஒரு சுவருக்கு அப்பால் பிரச்சினை இல்லை. என்னுடையதில் மைக் கிடையாது, அதனால் அழைப்பு வந்தால் கைபேசியில்தான் பேச வேண்டும்.

இனி வெளிப்புறம். மொட்டை மாடியில் முதலில் வைத்துக் கேட்கும் எவருக்கும் ஸ்பீக்கருக்கு ஏதோ ஆகிவிட்டது என்றுதான் தோன்றும். கூடத்தில் சுவர்களும் கூரையும் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த ஒலியெல்லாம் இங்கே வானத்துக்குப் போய்விடுகிறது. திறந்தவெளியில் தொலைவு இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் ஒலி 6 டெசிபல் குறைகிறது. ஒரு மீட்டரில் 85 டெசிபல் என்றால் 2 மீட்டரில் 79, 4 மீட்டரில் 73, 8 மீட்டரில் 67. இந்த இழப்பை ஈடுகட்ட ஒலியளவைக் கூட்டினால், முன்பு சொன்னபடி கீழ்ச்சுரங்கள் விலகிக்கொள்ளும், மின்கலமும் விரைவாகத் தீரும். சுவரின் துணையும் இல்லாமல், சிப்பின் கட்டுப்பாடும் சேர்ந்து, வெளியே இதன் ஒலி ஒரு நல்ல டிரான்சிஸ்டர் வானொலியின் அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. நான்கைந்து பேர் பாயை விரித்து, நடுவில் ஸ்பீக்கரை வைத்துக்கொண்டு, மாடிக் கைப்பிடிச் சுவரை ஒட்டி உட்கார்ந்தால் நிறைவாகக் கேட்கலாம். இருபது பேர் கூடும் பிறந்தநாள் விழாவுக்கு இது போதாது. அதற்கு ஐந்தாறு கிலோ எடையுள்ள பெரிய பெட்டிதான் வேண்டும்.

போதாது என்பதில் ஒரு நன்மையும் உண்டு. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபலையும் இரவில் 45 டெசிபலையும் வரம்பாக வைத்திருக்கின்றன. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கிக்கு அனுமதி இல்லை. மேலே கொடுத்த கணக்கைப் பார்த்தால், அடுத்த வீட்டு மாடிவரைகூட இந்தச் சிறிய உருளையே அந்த வரம்பைத் தாண்டிவிடும், பெரிய பெட்டி என்றால் இன்னும் தொலைவுக்குத் தாண்டும் என்பது தெரியும். காட்டுப் பகுதிகளுக்கும் மலைப்பாதைகளுக்கும் இதை நான் எடுத்துப் போவதில்லை. முதுமலையில் பாட்டுப் போட்டுக்கொண்டு போவதற்கு என்ன தேவை இருக்கிறது என்பது எனக்கு விளங்கியதே இல்லை.

ஐபி67 குறியீட்டில் 6 என்பது தூசி முற்றிலும் புகாது என்பதையும், 7 என்பது ஒரு மீட்டர் ஆழ நீரில் 30 நிமிடம் கிடந்தாலும் கெடாது என்பதையும் குறிக்கிறது. ஐபிஎக்ஸ்7 என்று மட்டும் இருந்தால் தூசிக்கான தர எண் அதில் சொல்லப்படவில்லை என்று பொருள். கடற்கரை மணலுக்கு எடுத்துப் போகிறவர்கள் இதைப் பார்த்து வாங்க வேண்டும். மழையும், குழாயடியும், குளியலறையும் என் ஸ்பீக்கரை எதுவும் செய்யவில்லை. ஆனால் இந்தச் சோதனை நன்னீரில் செய்யப்படுவது. உப்புநீர் பட்டால் நல்ல தண்ணீரில் கழுவி, நிழலில் ஒரு நாள் காயவிட்ட பிறகே சார்ஜ் போட வேண்டும். கடலோரக் காற்றில் வாழும் ஸ்பீக்கரில் முதலில் அரிப்பது டைப்-சி துளையின் உலோகப் பற்கள்தான். ஈரத்தோடு மின்சாரமும் சேர்ந்தால் அவை விரைவில் பச்சை பூத்துவிடும். என்னுடையதில் அந்தத் துளைக்கு மூடி இல்லாததால், ஒரு மெல்லிய தூரிகையால் அவ்வப்போது தட்டி விடுகிறேன். வெயில் நீரைவிடக் கொடியது. சித்திரை வெயிலில் நிறுத்திய காருக்குள் வெப்பம் 60 டிகிரியைத் தாண்டக்கூடும். லித்தியம் மின்கலத்தின் ஆயுளைக் குறைக்க அதைவிட உறுதியான வழி இல்லை.

இந்த ஆண்டுகளில் துணி சற்று வெளுத்ததும், அடியில் உள்ள ரப்பர் பிடிப்பு வழவழப்பானதும் தவிர ஒலியில் மாற்றம் இல்லை. மூப்பு முழுவதும் மின்கலத்தில்தான் தெரிகிறது. தொடக்கத்தில் காலை நேரப் பாட்டுக்கு ஒரு வாரம் தாங்கியது, இப்போது நான்கு நாளில் சார்ஜ் கேட்கிறது. 20 சதவீதத்துக்குக் கீழே இறங்க விடாமலும், இரவு முழுவதும் செருகி வைக்காமலும் இருந்ததால்தான் இந்த அளவாவது மிஞ்சியிருக்கிறது என்று நம்புகிறேன். சென்னை ரிச்சி தெருவில் மின்கலத்தை மாற்றித் தரும் கடைகள் இருக்கின்றன. ஆனால் ஒட்டி மூடிய உடலைப் பிரித்தபின் நீர்த்தடை பழையபடி இருக்கும் என்று எண்ண முடியாது; அப்படி மாற்றிய நாளிலிருந்து அது முழுக்க வீட்டுக்குள் இருக்க வேண்டிய ஸ்பீக்கராகிவிடும். எனக்கு அதில் வருத்தமில்லை, அதன் நல்ல ஒலி கிடைக்கும் இடமும் அதுவே.

அடுத்ததை வாங்கும்போது வாட் எண்ணைப் பார்க்கப் போவதில்லை. மின்கலத்தைப் பயனரே கழற்றி மாற்றும் அமைப்பு சில பெரிய ஸ்பீக்கர்களில் ஏற்கெனவே இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023ஆம் ஆண்டு மின்கல விதிமுறை, சில விலக்குகள் தவிர, கையடக்கச் சாதனங்களில் அந்த வசதியை 2027 பிப்ரவரி 18 முதல் கட்டாயமாக்குகிறது. ஒரே மாடலை உலகம் முழுவதும் விற்கும் நிறுவனங்கள் இந்தியாவுக்கென்று தனியாக ஒட்டி மூடிய ஒன்றைச் செய்யாது என்ற எதிர்பார்ப்பில், இப்போதைய மின்கலத்தை அதுவரை இழுத்துக்கொண்டு போகலாம் என்றிருக்கிறேன்.