பேஸ் கிட்டாரில் ராக் பாட்டு எடுக்க: டேப்பா, நொட்டேஷனா, காதா?

நாலு கோடு, அதன் மேல் சில எண்கள். பேஸ் டேப் (டேப்லேச்சரின் சுருக்கம்) இவ்வளவுதான். மேல்கோடு ஜி கம்பி, கீழ்க்கோடு தடித்த இ கம்பி. எண் சொல்லும் ஃப்ரெட்டில் (கிட்டார் கழுத்தில் உலோகப் பட்டைகள் பிரிக்கும் கட்டம்) விரலை வைக்க வேண்டும். 0 என்றால் அழுத்தாமல் மீட்ட வேண்டும். இது பத்து நிமிடத்தில் புரிந்துவிடும். ஸ்டாஃப் நொட்டேஷனை, அதாவது ஐந்து கோட்டில் சுரங்களை எழுதும் முறையை, தடுமாறாமல் படிக்கப் பல மாதங்கள் பிடிக்கும். ஆகவே டேப்பில் தொடங்குவதில் எந்தத் தவறும் இல்லை. டேப் பார்த்து வாசிப்பதை மட்டமாகப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது. 16ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் லூட் என்ற கம்பி வாத்தியத்தை வாசித்தவர்கள் பயன்படுத்தியதும் டேப்லேச்சர்தான்.

ஆனால் எந்த டேப் என்பதைக் கவனிக்க வேண்டும். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் எழுத்து டேப்களில் பெரும்பாலும் தாளமே இருக்காது. ஒயிட் ஸ்ட்ரைப்ஸ் குழுவின் 'செவன் நேஷன் ஆர்மி' (2003) ரிஃப்பை, அதாவது திரும்பத் திரும்ப வரும் சிறு சுரவரிசையை, எடுத்துக்கொள்ளுங்கள். ஏ கம்பியில் 7, 7, 10, 7, 5, 3, 2. பாட்டைக் கேட்காத ஒருவர் ஏழையும் ஒரே அளவில் வாசித்தால் அது எந்தப் பாட்டு என்றே தெரியாது. முதல் சுரம் நீள வேண்டும், கடைசி இரண்டும் இரண்டிரண்டு தட்டு நிற்க வேண்டும். இன்னொன்று: ரெக்கார்டிங்கில் ஒலிப்பது பேஸே கிடையாது. ஜாக் ஒயிட் கிட்டாரின் ஒலியைப் பெடல் வழியாக ஓர் ஆக்டேவ் (ஒரு ஸ்தாயி) கீழே இறக்கியிருக்கிறார்.

குவீனின் 'அனதர் ஒன் பைட்ஸ் த டஸ்ட்' (1980) இன்னும் கடினமான சோதனை. ஜான் டீக்கன் போட்ட அந்த பேஸ் வரியில் சுரங்களுக்கு இடையே வரும் மௌனம்தான் உயிர். எழுத்து டேப் 0, 0, 0 என்று மட்டும் காட்டும். திறந்த இ கம்பியை எங்கே அமுக்கி நிறுத்த வேண்டும் என்று சொல்லாது. கம்பி அதிர்ந்துகொண்டே இருந்தால் பாட்டின் விறைப்பு போய்விடும்.

நொட்டேஷன் இங்கே தெளிவாக ஜெயிக்கிறது. சுரத்தின் நீளம், ஓய்வு, தாளக்கணக்கு எல்லாம் அதில் இருக்கும். பிங்க் ஃபிளாய்டின் 'மனி' ரிஃப் ஏழு தட்டில் ஓடுகிறது என்பது முதல் பார்வையிலேயே தெரிந்துவிடும். ஆனால் எந்தக் கம்பி என்பதை அது சொல்லாது. ஏ கம்பியின் 5ஆம் ஃப்ரெட், இ கம்பியின் 10ஆம் ஃப்ரெட், திறந்த டி கம்பி மூன்றும் ஒரே சுரம். இ கம்பியில் அது தடிப்பாகவும் உருண்டையாகவும் ஒலிக்கும், திறந்த கம்பியில் பளிச்சென்று வரும். டேப் ஓர் இடத்தைக் காட்டிவிடும். அதுவும் டேப் எழுதியவரின் ஊகமாக இருக்கலாம், அதனால் மேடை வீடியோவில் இடது கையைப் பார்த்து உறுதி செய்துகொள்வது நல்லது.

கிட்டார் ப்ரோ மாதிரி மென்பொருள்களில் வரும் டேப் இந்த இரண்டையும் சேர்க்கிறது. எண்ணோடு தாளமும் இருக்கும், வேகத்தைக் குறைத்து ஒலிக்கவும் விடலாம். முதல் சில பாட்டுகளுக்கு என் தேர்வு இதுதான். தொடங்கும் முன் டியூனிங்கைப் பாருங்கள். ரேஜ் அகெய்ன்ஸ்ட் த மெஷினின் 'கில்லிங் இன் த நேம்' பாட்டுக்கு இ கம்பியை டி வரை இறக்க வேண்டும். அதை விட்டுவிட்டால் அந்தக் கம்பியில் வாசிக்கும் எல்லாமே இரண்டு ஃப்ரெட் தள்ளிப் போகும்.

காதால் கேட்டு எடுப்பதுதான் மெதுவான வழி. சில பாட்டுகள் ஒரு மாலை முழுவதையும் தின்றுவிடும். ஆனாலும் அப்படி எடுத்த வரி எளிதில் மறக்காது. பீட்டில்ஸில் பேஸ் வாசித்த பால் மெக்கார்ட்னிக்கு நொட்டேஷன் படிக்கத் தெரியாது. காதும் கையும்தான் அவருக்கு. போன் ஸ்பீக்கரில் முயல வேண்டாம். திறந்த இ கம்பி ஏறக்குறைய 41 ஹெர்ட்ஸ், அந்தச் சின்ன ஸ்பீக்கரில் அது வெளியே வராது. ஹெட்போன் போட்டு, வேகத்தைப் பாதியாக்கி, முதலில் கிக் டிரம்மோடு (காலால் அடிக்கும் பெரிய டிரம்) விழும் சுரங்களை மட்டும் பிடியுங்கள். அப்புறம் டேப்பைத் திறந்து சரிபாருங்கள். இரண்டும் முரண்பட்டால் ரெக்கார்டிங்கை மறுபடி கேளுங்கள், டேப்பை நம்பிவிடாதீர்கள்.

நொட்டேஷனில் பாதியை மட்டும் இப்போதே கற்கலாம்: சுர நீளங்களும் ஓய்வுக் குறிகளும். கிளெஃப் (எந்தக் கோடு எந்தச் சுரம் என்று சொல்லும் குறி) தெரியாமலே அவற்றைப் படிக்க முடியும், டேப்பில் விடுபடுவதும் அவைதான். ஸ்டுடியோ வேலையோ கிரேடு தேர்வோ மனதில் இருந்தால் மீதியையும் படித்தாக வேண்டும்.