கொடைக்கானல் பிரெஞ்சு டியூஷன்: கோந்திசியோனெல் பாடத்தை நம்பிச் சேரலாமா?

ஏழு ரோடு பக்கம் சனிக்கிழமை சாயந்திரம் நடக்கிற டியூஷன் இது. பேட்ச்சில் பாதி, பிளஸ் டூவில் பிரெஞ்சு எடுத்த பிள்ளைகள். மீதி ஹோம்ஸ்டே வைத்திருப்பவர்கள், டிரெக்கிங் கைடுகள். இந்த விமர்சனத்தில் எடுத்துக்கொள்வது ஒரே ஒரு பாடம்: கோந்திசியோனெல் பிரெஸான். ‘இப்படி இருந்தால் அப்படிச் செய்வேன்’ என்று சொல்ல உதவும் வினை வடிவம். ஒழுங்கு வினைகளுக்கு (பொது விதிப்படி மாறும் வினைகள்) மட்டும் இரண்டு மணி நேர வகுப்பு, கையில் 4 பக்க செராக்ஸ்.

வரிசை சரியாக இருக்கிறது. முதலில் எம்பார்ஃபெ (தொடர்ந்து நடந்ததைச் சொல்லும் இறந்தகால வடிவம்) விகுதிகளைத் திரும்பச் சொல்ல வைக்கிறார்கள். அதுதான் இந்தப் பாடத்தின் அச்சாணி. வினையின் முழு வடிவத்தை அப்படியே எடுத்து, எம்பார்ஃபெ விகுதியை ஒட்டினால் வேலை முடிந்தது. ‘பேசு’ என்பதற்கான பார்லே: ஜெ (நான்) பார்லெரெ, து (நீ) பார்லெரெ, இல் (அவன்) பார்லெரெ, நூ (நாம்) பார்லெரியோன், வூ (நீங்கள்) பார்லெரியே, இல் (அவர்கள்) பார்லெரெ. எழுத்தில் விகுதிகள் ஏ-ஐ-எஸ், ஏ-ஐ-எஸ், ஏ-ஐ-டி, ஐ-ஓ-என்-எஸ், ஐ-இ-இசட், ஏ-ஐ-இ-என்-டி. ஆறில் நாலு காதுக்கு ஒன்றேதான். எம்பார்ஃபெ தெரியாமல் வருகிறவர்கள் இந்த இடத்திலேயே கழன்றுவிடுவார்கள். அவர்களை வைத்துக்கொண்டு இழுக்க இந்த வகுப்பில் நேரம் இல்லை.

செராக்ஸ்தான் சறுக்குகிறது. ‘முழு வினை + விகுதி’ என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு, ஆர்-இ என்று முடியும் வினைகளில் கடைசி ‘இ’ போய்விடும் என்பதை அடிக்குறிப்பில் பொடி எழுத்தில் தள்ளியிருக்கிறார்கள். விளைவு, ‘விற்பது’ என்பதற்கான வாந்த்ர் வினையில் ‘இ’யை விடாமல் அதன் மேல் ஏ-ஐ-எஸ் ஒட்டுகிறார்கள் பிள்ளைகள். சரியான வடிவம் ஜெ வாந்த்ரெ. ஐ-ஆர் வினைகளில் வேறு குழப்பம். ‘முடி’ என்பதற்கான ஃபினீர் வினைக்கு எம்பார்ஃபெயில் ஃபினிஸ்ஸெ என்று இரண்டு ‘எஸ்’ வரும். அதே நினைப்பில் இங்கேயும் நுழைத்துவிடுகிறார்கள். இங்கே ஜெ ஃபினிரெ, அவ்வளவுதான். இந்த வித்தியாசத்துக்கு வகுப்பில் ஐந்து நிமிஷம்கூட ஒதுக்கவில்லை.

வருங்காலத்தோடு குழம்பாமல் இருக்க அவர்கள் தரும் வழி அருமை. ‘ஜெ’யில் இரண்டுக்கும் நடுவே கடைசி ‘எஸ்’ ஒன்றுதான் வித்தியாசம். சந்தேகம் வந்தால் ‘ஜெ’யை எடுத்துவிட்டு ‘நூ’ போட்டுப் பார்க்கச் சொல்கிறார்கள்: பார்லெரோன் பொருந்தினால் வருங்காலம், பார்லெரியோன் பொருந்தினால் கோந்திசியோனெல்.

‘சி’ (நம் ‘-ஆல்’ போன்ற நிபந்தனைச் சொல்) வாக்கியம்தான் தமிழ் பேசுகிறவர்கள் வழுக்கி விழும் இடம். ‘பஸ் வந்தால் பூம்பாறை பார்ப்போம்’ என்பதில் நமக்கு நிபந்தனை முழுக்க ‘வந்தால்’ என்பதில் இருக்கிறது. அதனால் கை தானாக ‘சி’ பக்கம் கோந்திசியோனெலை எழுதிவிடும். பிரெஞ்சில் அது தலைகீழ். ‘சி’ பக்கம் எம்பார்ஃபெ, முடிவுப் பக்கம் கோந்திசியோனெல்: சி லெ பூஸ் அரிவெ, நூ விஸித்தெரியோன் பூம்பாறை. ஆசிரியர் விதியைச் சொல்கிறார், ஏன் தப்பு வருகிறது என்று சொல்வதில்லை. அதனால் அடுத்த வாரமும் அதே சிவப்பு மை.

உச்சரிப்பு ரொம்பப் பலவீனம். ‘கொடு’ என்பதற்கான தொனே வினையில் நடு ‘இ’ பேச்சில் விழுந்து ஜெ தொன்ரெ ஆகும். ஆனால் நூ தொனெரியோன், வூ தொனெரியே என்னும்போது விழாது; விழுந்தால் மெய்கள் நெருக்கியடித்து நாக்கு புரளாது. எழுதவே நேரம் போய்விடுவதால் இதைக் காதால் கேட்கும் வாய்ப்பே இல்லை. மார்க்குக்குப் படிக்கிறவர்களுக்கு இது பெரிய குறையில்லை. கைடுகளுக்கு நஷ்டம். அவர்களுக்கு அன்றாடம் தேவைப்படுவது ஜெம்ரெ (நான் விரும்புவேன்), வூஸெமெரியே (நீங்கள் விரும்புவீர்கள்) என்ற இரண்டும்தான். ‘ஏரியைப் பார்க்க விரும்புவீர்களா’ என்று மரியாதையாகக் கேட்க இதுவே போதும். இவற்றின் மூலமான எமே (‘விரும்பு’) ஒழுங்கு வினைதான், முதல் பக்கத்திலேயே வைத்திருக்கலாம். செராக்ஸில் அதைக் காணோம்.

மாதம் ரூ.1,500 என்பது பள்ளிப் பிள்ளைகளுக்குத் தகும். பேச வருகிறவர்கள், பேச்சுப் பயிற்சி தனியாக உண்டா என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். சேர்ந்துவிட்டவர்களுக்கு ஒன்று: கடைசிப் பக்க விடைகளில் ‘கூப்பிடு’ வினையின் கோந்திசியோனெல் ஒரு ‘எல்’லோடு அச்சாகியிருக்கிறது. இரண்டு ‘எல்’ வேண்டும், திருத்திக்கொள்ளுங்கள்.