மான் வேட்டைக்கு 35 வீலன்: விலை குறைந்த குண்டுகளில் எது தேறும்?

மிஷிகன் மாநிலத்தில் துப்பாக்கியால் மான் வேட்டையாடும் காலம் ஆண்டுதோறும் நவம்பர் 15 அன்று தொடங்கி 30 அன்று முடிகிறது. அந்தப் பதினாறு நாள்களுக்கும், அதற்கு முன் கோடை முழுவதும் செய்யும் பயிற்சிக்கும் தேவையான தோட்டாக்களை, பித்தளைக் கூட்டில் வெடிமருந்து இட்டு வாயில் குண்டைச் செருகி, நான் வீட்டிலேயே அடைத்துக்கொள்கிறேன். இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி மான் வேட்டை குற்றம் என்பதால், உரிமம் பெற்று வேட்டையாட இடமுள்ள நாடுகளில் வாழ்பவர்களை மனத்தில் வைத்தே இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

என் ரைஃபிள் 35 வீலன் வகையைச் சேர்ந்தது. 30-06 என்னும் பரவலான ரைஃபிள் தோட்டாவின் பித்தளைக் கூட்டை எடுத்துக் கழுத்தை மட்டும் விரித்து 1922-இல் உருவாக்கப்பட்ட இந்த வகையை, 1980-களின் இறுதியில்தான் ரெமிங்டன் நிறுவனம் கடைச்சரக்காகக் கொண்டுவந்தது. எங்கும் கிடைக்கும் 30-06 கூடுகளையே விரித்துப் பயன்படுத்த முடிவதால் கூட்டுக்குப் பெரிய செலவில்லை. உண்மையான செலவு, கூட்டின் வாயில் செருகப்படும் 0.358 அங்குல விட்டமுள்ள குண்டுக்குத்தான். அதில் எங்கே சிக்கனம் பிடிக்கலாம், எங்கே பிடிக்கக் கூடாது என்பதே என் அக்கறை.

நான்கு பருவங்களாக நான் நம்பிச் சுட்டுவருவது ஹார்னடி நிறுவனத்தின் 200 கிரெயின் (குண்டின் எடையைக் குறிக்கும் சிறு அலகு) இன்டர்லாக் கூர்முனைக் குண்டு. பெட்டிக்கு 100 குண்டுகள் இருக்கும். முழுத் தாமிரக் குண்டு ஒன்று வாங்கும் பணத்தில் இதில் ஏறத்தாழ இரண்டு வாங்கிவிடலாம். ஈயக் கருவின் மேல் தாமிரக் கலவை உறை போர்த்திய பழைய முறைதான் என்றாலும், உறையின் உட்புறத்தில் வளையமாக ஒரு மேடு விட்டிருக்கிறார்கள். குண்டு மானின் உடலுக்குள் விரியும்போது கரு உறையிலிருந்து நழுவி வெளியேறாமல் அந்த மேடு பிடித்துக்கொள்கிறது.

சென்ற பருவத்தில் சுமார் 90 கஜத் தொலைவில் சற்றே பக்கவாட்டாகத் திரும்பி நின்ற ஒரு வெள்ளைவால் ஆண் மானை இந்தக் குண்டால் வீழ்த்தினேன். முன்தோளுக்குப் பின்னே நுழைந்த குண்டு நுரையீரல்கள் இரண்டையும் கடந்து மறுபக்கத் தோலடியில் நின்றிருந்தது. தோலை உரிக்கும்போது கத்தி முனையில் கடினமாக ஏதோ தட்டுப்பட்டதால்தான் அதைக் கண்டேன். கழுவித் தராசில் வைத்தபோது 148 கிரெயின் காட்டியது. முனை மழைக்கால நாய்க்குடைபோல் மடங்கி 0.66 அங்குல அகலத்துக்கு விரிந்திருந்தது. அடிப்பகுதியில் கரு அசையவே இல்லை. அந்த மான் முப்பது அடிகூட ஓடவில்லை. அதைவிட விலை கூடிய குண்டிடம் நான் வேறு எதையும் கேட்டிருக்க மாட்டேன்.

மலிவான குண்டு இங்கே தேறுவதற்குக் காரணம் வேகம். 35 வீலன் 200 கிரெயின் குண்டை விநாடிக்கு ஏறத்தாழ 2,675 அடி வேகத்தில் அனுப்புகிறது. மெக்னம் எனப்படும் அதிவேகத் தோட்டா வகைகளோடு ஒப்பிட்டால் இது மிதமான வேகம். சாதாரண உறைக்குண்டு சிதறாமல் தாங்கக்கூடியது. மானின் மார்போ மெல்லியது. மூஸ் போன்ற பெரிய விலங்குக்கென வடிவமைத்த கெட்டியான குண்டு அந்த மெல்லிய உடலில் விரிவதற்குப் போதிய தடையைச் சந்திக்காமல் துளைத்துச் சென்றுவிடக்கூடும். ஸ்பியர் நிறுவனத்தின் 250 கிரெயின் ஹாட்-கோர் குண்டை நான் மதிக்கிறேன். உருகிய ஈயத்தை உறைக்குள் ஊற்றி வார்ப்பதால் கருவுக்கும் உறைக்கும் இடையே காற்றிடைவெளி இருப்பதில்லை. ஆயினும் அதை எல்க் என்னும் பெரிய மானின் வேட்டைக்கென ஒதுக்கி வைப்பதே முறை. சியாராவின் 225 கிரெயின் கேம்கிங் தொலைவிலிருந்து சுடுவதற்கு ஏற்றது. நான் வேட்டையாடும் அடர்ந்த மரக்காட்டில் அந்த நன்மைக்கு வேலையில்லை.

ஸ்பியர் நிறுவனத்தின் 180 கிரெயின் தட்டைமுனைக் குண்டு விலை குறைவு என்பதால் பலரை ஈர்க்கிறது. அது 1906-இல் பிறந்த 35 ரெமிங்டன் போன்ற மெதுவான தோட்டாக்களின் வேகத்துக்குப் பொருந்துவது. வீலனின் முழு வேகத்தில் அண்மைத் தொலைவில் சுட்டால் ஆழமாகச் செல்லும் முன்பே விரிந்துவிடும் என்று எதிர்பார்க்க வேண்டும். அத்துடன் இறைச்சியும் வீணாகும். வேகத்தைக் குறைத்து அடைத்தால் பயிற்சிக்கு அருமையான குண்டு. மாறாக, 35 ரெமிங்டன் வகை மார்லின் 336 ரைஃபிள் வைத்திருப்பவர்கள் தட்டையான அல்லது உருண்டையான முனையையே வாங்க வேண்டும். அந்த ரைஃபிளில் தோட்டாக்களை நிரப்பிவைக்கும் குழாயில் அவை ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருப்பதால், உலோகக் கூர்முனை முன்னுள்ள தோட்டாவின் அடியிலிருக்கும் பிரைமரில் (வெடிமருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) இடித்து வெடிக்கும் அபாயம் உண்டு. இதில் விலையைப் பார்க்கவே கூடாது.

சிக்கனம் எனக்கு ஒருமுறை கைகொடுக்காமலும் போனது. இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் பெட்டியில்லாமல், வெறும் பையில் கட்டிய 200 கிரெயின் குண்டுகளை மொத்தமாக வாங்கினேன். சுடுதளத்தில் 100 கஜத்தில் ஒன்றரை அங்குலத்துக்குள் விழ வேண்டியவை மூன்றரை அங்குலத்துக்குச் சிதறின. வீட்டுக்கு வந்து சமையலறை மேசையில் மின்னணுத் தராசை வைத்து ஒவ்வொன்றாக நிறுத்தேன். 196 முதல் 204 கிரெயின் வரை எல்லா எடையும் கலந்திருந்தது. எவர் செய்தவை, எந்தத் தயாரிப்புத் தொகுதியைச் சேர்ந்தவை என்று கேட்டபோது பதில் வரவில்லை. எந்தக் குண்டு என்று தெரியாமல் வெடிமருந்தின் அளவைக் கையேட்டில் தேடவும் முடியாது. ஒரே எடையுள்ள இரு குண்டுகள்கூட உறையின் கடினத்தால் வேறுபட்ட அழுத்தம் தரும் என்பதால், குண்டை மாற்றும்போதெல்லாம் அந்தக் குண்டுக்குரிய தொடக்க அளவிலிருந்தே நான் மீண்டும் ஆரம்பிக்கிறேன்.

தாமிரக் குண்டுகளை நான் ஒதுக்கிவிடவில்லை. ஈயக் குண்டு விரியும்போது கண்ணுக்குத் தெரியாத துகள்கள் காயத்தைச் சுற்றிப் பரவுகின்றன. அதனால் காயத்தைச் சுற்றியுள்ள இறைச்சியைத் தாராளமாக வெட்டி எறிகிறேன். பிள்ளைகளுக்குப் பின்தொடை இறைச்சியை மட்டுமே சமைக்கிறேன். கலிபோர்னியாவில் 2019 ஜூலை 1 முதல் வேட்டைக்கு ஈயக் குண்டே கூடாது. அங்கே வேட்டையாடுபவர்கள் பார்ன்ஸ் டிஎஸ்எக்ஸ் போன்றவற்றைத்தான் வாங்க வேண்டும். வாங்கும் முன் குழலின் முறுக்கை, அதாவது குண்டைச் சுழலவைக்கும் உட்புற வரிகள் எத்தனை அங்குலத்துக்கு ஒரு சுற்று சுற்றுகின்றன என்பதை, அளந்துகொள்ளுங்கள். தாமிரம் ஈயத்தைவிட எடை குறைந்தது என்பதால், அதே எடையுள்ள தாமிரக் குண்டு நீளமாக இருக்கும். பழைய ரெமிங்டன் 700 கிளாசிக் போல 16 அங்குலத்துக்கு ஒரு சுற்று முறுக்குள்ள குழல் நீண்ட குண்டைச் சரியாக நிலைநிறுத்தாமல் போகலாம். அத்தகைய குழலுக்கு 180 அல்லது 200 கிரெயினில் நின்றுகொள்வது நல்லது.

இந்தப் பருவத்துக்கும் 200 கிரெயின் இன்டர்லாக் இரண்டு பெட்டிகளை ஒரே தொகுதி எண்ணில் தேடி வாங்கியிருக்கிறேன். முதல் பெட்டி கோடைப் பயிற்சிக்கு. மற்றதை நவம்பர் வரை திறக்கப்போவதில்லை.